ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவர் சொந்த ஊரில் தோற்றார்!

காஞ்சிபுரம்: பட்டுக்கும் கோவிலுக்கும் பேர் போன இந்த ஊரில், தேர்தல் வந்தாலே ஒரு பழைய கதையும் கூடவே வரும்.

1957 சட்டசபைத் தேர்தலில் இங்கே நின்று ஜெயித்தவர், இதே ஊரில் பிறந்த அண்ணாதுரை. அப்போது தி.மு.க.வுக்குக் கிடைத்தது 15 இடம்.

வந்தது 1962 தேர்தல். கட்சியில் கூட்டம் சேர்க்கும் பேச்சாளர் அண்ணாதான். எந்தத் தொகுதி வேட்பாளரும், "அண்ணா வந்து ஒரு கூட்டம் பேசினாப் போதும்" என்பார்கள். பகலெல்லாம் பயணம், ராத்திரியில் மேடை. எத்தனை மணி ஆனாலும் ஜனம் கலையாது.

ஆனால் நாள் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதானே? அடுத்த ஊரில் மைக் பிடிக்கும் நாள், சொந்தத் தெருவில் கும்பிடு போட முடியாத நாள்!

காஞ்சிபுரத்தில் எதிரே நின்றவர் காங்கிரசின் நடேச முதலியார். பஸ் முதலாளி.

எண்ணி முடித்தபோது...

கட்சிக்கு 15 இடம் 50 ஆனது. தலைவருக்கோ தோல்வி! முன்பு ஜெயித்த 15 பேரில் மறுபடி ஜெயித்தவர் கருணாநிதி ஒருவர்தான். அவரும் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூரில் நின்றவர்.

அண்ணா அதே ஆண்டு ராஜ்யசபைக்குப் போனார். 1967-ல் முதல்-மந்திரியும் ஆனார். காஞ்சிபுரத்தில் மட்டும் மறுபடி நிற்கவே இல்லை.