பாய்மரப் படகு எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைஞ்சா என்ன ஆகும்? ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகிடுமா?

கார் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சு, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுடும். கவனிச்சிருக்கீங்களா? வண்டி ஓடும்போது அது எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடலாம். அதே விளக்கு, ஒரு பாய்மரப் படகு துறைமுக வாய்க்குள் நுழையும் நேரத்தில் எரிந்தால்? இரண்டு பக்கமும் கல் சுவர், பின்னால் அலை. ஓரம்கட்ட இடமே கிடையாது.

பாய்மரப் படகுக்கு எதுக்குங்க எஞ்சின்?

காற்று நின்றுவிட்டால் நகர, கப்பல்கள் போகும் பாதையிலிருந்து விலக, நெருக்கடியான துறைமுகத்துக்குள் திரும்ப எஞ்சின் வேண்டும். படகின் உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் இதற்கு இன்போர்டு எஞ்சின் என்று பெயர். மொத்தப் பயணத்தில் கொஞ்ச நேரம்தான் ஓடும். ஆனால், அந்தக் கொஞ்ச நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம்.

இதில் பிரபலமான ஒன்று அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் தயாரித்த ‘அட்டாமிக் 4’. நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன், பெட்ரோல் எஞ்சின். 1947-ல் தொடங்கி 1980-கள் வரை சுமார் 40 ஆயிரம் எஞ்சின்கள் தயாராகின. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. பழைய எஞ்சின் என்பதால், அதன் உரிமையாளர்கள் அதிகம் கவலைப்படும் விஷயங்களில் ஒன்று ஆயில் பிரஷர்.

பிரஷர் எங்கிருந்து வருது?

பம்ப் பிரஷரை உருவாக்குகிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டுமே. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் ஆயில் நுழையத் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. அந்த ஆயில் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. படலம் அறுந்தால், சில நிமிடங்களுக்குள்ளேயே பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிப்போகலாம்.

எவ்வளவு இருக்கணும்?

அட்டாமிக் 4 சூடாகி, வழக்கமான வேகத்தில் ஓடும்போது 40 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம் நல்லது என்பார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்த புதிதில் ஆயில் கெட்டியாக இருப்பதால் இதைவிட ஏறும். சூடாகி ஐடிலில் நிற்கும்போது இறங்கும். இரண்டுமே இயல்பு. டீசல் எஞ்சின்களுக்கு அளவு மாறும், மேனுவல் சொல்வதே கணக்கு.

ஒரு நாள் எண்ணைவிட முக்கியமானது, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. அதே ஆர்பிஎம், அதே வெப்பநிலையில் போன சீசனில் 42 காட்டிய கேஜ் இப்போது 30 காட்டினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் பல படகோட்டிகள் இதை லாக் புத்தகத்தில் குறித்து வைக்கிறார்கள்.

குறைய என்ன காரணம்?

ஆயில் அளவு குறைவு: முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். படகு சாயாமல் நேராக நிற்கும்போது பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

ஆயில் நீர்த்துப்போவது: மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கலாம். அப்போது டிப்ஸ்டிக்கில் அளவு குறையாது, கூடும்! முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். இது தீ ஆபத்தும்கூட. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சாய்வு: பாயையும் எஞ்சினையும் சேர்த்து ஓட்டும்போது படகு ஒருபக்கம் சாயும். சம்ப்பில் உள்ள ஆயிலும் ஒதுங்கிவிட, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கேஜ் முள் துள்ளினால் பாயைக் குறைத்துப் படகை நிமிர்த்த வேண்டும்.

கேஜின் பொய்: உப்புக் காற்றில் ஒயர் முனையும் சென்சாரும் துருப்பிடித்துத் தவறாகக் காட்டலாம். ஒரு மெக்கானிக்கல் கேஜைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் இறங்கிக்கொண்டே போனால், சந்தேகம் பேரிங் தேய்மானத்தின் மேல்தான்.

அப்போ அந்த ஸ்க்ரூ?

அட்டாமிக் 4-ல் ஒரு வசதி உண்டு. ஆயில் பிரஷரை வெளியிலிருந்தே அட்ஜஸ்ட் செய்யலாம். எஞ்சின் சூடாகி வழக்கமான வேகத்தில் ஓடும்போது, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் பிரஷர் ஏறும். எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். பிறகு நட்டை இறுக்க வேண்டும்.

ஆனால், அந்த ஸ்க்ரூ அழுத்துவது ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை. குக்கர் வெயிட் மாதிரிதான் இந்த வால்வு. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் உபரியைத் திருப்பிவிடும். குக்கரின் கேஸ்கெட் வழியே ஆவி கசியும்போது மேலே கனமான வெயிட் போட்டால் விசில் வருமா? வராது. அதேபோல, தேய்ந்த பேரிங் வழியே ஆயில் ஒழுகினால் ஸ்க்ரூவால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்சம் ஏறினாலும், நோயை மறைத்த கதைதான். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, கடைசியாகத் தொட வேண்டிய இடம் இது.

அலாரம் அடித்தால்?

திறந்த கடல் என்றால் யோசிக்கவே வேண்டாம். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, பாயை விரியுங்கள். பிறகு டிப்ஸ்டிக், படகின் அடித்தளத்தில் ஆயில் கசிவு, ஃபில்டர் என வரிசையாகப் பாருங்கள்.

துறைமுக வாயில் என்றால் கணக்கு வேறு. எஞ்சினை அணைத்தால் படகு பாறையில் மோதும் என்ற நிலையில், எஞ்சின் போனாலும் போகட்டும் என்று பாதுகாப்பான இடம்வரை ஓட்டத்தான் வேண்டும். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம், ஆளை மாற்ற முடியாது. அந்த முடிவே தேவைப்படாமல் இருக்கத்தான் அனுபவசாலிகள் உள்ளே நுழையும் முன்பே நங்கூரத்தைத் தயாராகவும், பாயை உடனே ஏற்றும் நிலையிலும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன சோதனை: சாவியை ‘ஆன்’ செய்ததும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் அலாரம் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். அலாரமே செத்துப்போயிருக்கலாம். உங்கள் காரிலும் அந்தச் சிவப்பு விளக்கு தினமும் ஒருமுறை எரிகிறதா என்று நாளைக் காலை பார்த்துக்கொள்ளுங்கள்!