ஒளிச்சேர்க்கை நிறமிகள்

ஒளிச்சேர்க்கை நிறமிகள் என்பவை சூரிய ஒளியை உட்கவர்ந்து, அதன் ஆற்றலை ஒளிச்சேர்க்கைக்கு வழங்கும் சேர்மங்கள் ஆகும். தாவரங்களில் இவை பசுங்கணிகங்களின் தைலகாய்டு மென்சவ்வுகளில் புரதங்களுடன் பிணைந்துள்ளன. பச்சையம்-ஏ, பச்சையம்-பி, கரோட்டினாய்டுகள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பழுத்த பலாச்சுளையின் மஞ்சள் நிறமும் கரோட்டினாய்டுகளால் வருவதே.

இந்நிறமிகள் இருவேறு சூழல்களில் இயங்குவதை நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் அருகருகே காணலாம். ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் கேழ்வரகும் சாமையும் திறந்த வயல்களில் விளைகின்றன. காப்பிச் செடிகளோ சில்வர் ஓக், பலா முதலிய மரங்களின் நிழலில் வளர்கின்றன. வெயில் ஒன்றே எனினும், காப்பி இலைக்குக் கிடைக்கும் ஒளி குறைவு. வயலில் நிற்கும் பயிருக்கு நண்பகலில் அது மிகுதி.

ஒளியைக் கவர்தல்

ஈதர் கரைசலில் பச்சையம்-ஏ ஏறத்தாழ 430, 662 நானோமீட்டர் அலைநீளங்களிலும், பச்சையம்-பி 453, 642 நானோமீட்டர் அலைநீளங்களிலும் ஒளியை மிகுதியாகக் கவர்கின்றன. அதாவது, நீலமும் சிவப்பும். பச்சை ஒளி ஒப்பீட்டளவில் குறைவாகக் கவரப்படுவதால் இலை பச்சையாகத் தெரிகின்றது. எனினும், இலை பச்சை ஒளியை முற்றிலும் விலக்கிவிடுகின்றது என்னும் பரவலான கருத்து தவறு. அதன் பெரும்பகுதியும் இலைக்குள் கவரப்படுகின்றது.

ஓர் ஒளித்துகளைக் கவரும் பச்சைய மூலக்கூறில் எதிர்மின்னி ஒன்று உயர் ஆற்றல் நிலைக்குச் செல்கின்றது. இவ்வாற்றல் அடுத்தடுத்த நிறமிகளுக்குத் தாவி வினைமையத்தை அடைகின்றது. அங்குதான் எதிர்மின்னி உண்மையில் கைமாறி, வேதிவினை தொடங்குகின்றது. முழு வெயிலிலும் தனியொரு பச்சைய மூலக்கூறு நொடிக்கு ஒரு சில ஒளித்துகள்களையே கவரும். எனவே கூரை முழுதும் விழும் மழைநீரை ஒரே தொட்டியில் சேர்ப்பதுபோல, நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் ஒரு வினைமையத்துக்கு ஆற்றலைச் சேர்க்கின்றன. 1932ஆம் ஆண்டில் ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னல்டு ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் குளோரெல்லா பாசியின் மீது மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பாய்ச்சினர். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 2500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிசன் மூலக்கூறே வெளிவந்தது. பச்சைய மூலக்கூறுகள் கூட்டாக இயங்குகின்றன என்னும் கருத்துக்கு இச்சோதனையே அடிப்படையாயிற்று.

நிழலும் வெயிலும்

மரங்களின் இலைகள் நீலத்தையும் சிவப்பையும் கவர்ந்தபின் எஞ்சும் ஒளியே கீழுள்ள செடிகளை அடைகின்றது. ஆகவே நிழலிலைகளில் ஒளிதிரட்டும் புரதங்கள் மிகுந்திருக்கும். பச்சையம்-பி இப்புரதங்களிலேயே காணப்படுவதால் அதன் விகிதமும் உயர்கின்றது.

கடும் வெயிலில் சிக்கல் தலைகீழானது. வேதிவினைகளுக்குத் தேவையானதை விட மிகுந்த ஆற்றல், செல்லைச் சிதைக்கும் ஆக்சிசன் வகைகளை உருவாக்கும். அப்போது வயலாசாந்தின் என்னும் கரோட்டினாய்டு சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறி, மிகை ஆற்றல் வெப்பமாக வெளியேற உதவுகின்றது. ஒளி குறைந்ததும் இம்மாற்றம் மீள்கின்றது. கேழ்வரகு சி4 வகைத் தாவரமாதலால் மிகுந்த ஒளியையும் பயன்படுத்த வல்லது. எத்தியோப்பிய மலைக்காடுகளின் நிழலில் தோன்றிய அராபிக்கா காப்பிக்கு அத்திறன் குறைவு. நிழல்மரம் திடீரென வெட்டப்பட்டால், வெப்பமாக வெளியேற்றும் ஏற்பாடு போதாமல் அதன் இலைகள் மஞ்சளாகிக் கருகக்கூடும். பின்னர்த் தளிர்க்கும் இலைகள் வெயிலுக்கேற்ற நிறமி விகிதத்துடன் உருவாகலாம். முதிர்ந்த இலைகளுக்கு அவ்வாய்ப்பு குறைவு.