கரண்ட் போச்சு ஸார்!

ஆடிக் காற்றில் திருச்சிக்காரன் இழப்பது இரண்டு. ஒன்று, மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி. இன்னொன்று, கரண்ட். வேட்டி அடுத்த வீதியில் கிடைத்துவிடும். கரண்ட் எப்போது வரும் என்பது அந்த ரங்கநாதருக்கே வெளிச்சம்!

ஆடி கூட பரவாயில்லை. கோடை மழைதான் மோசம். பகலெல்லாம் வறுத்தெடுத்துவிட்டு, சாயங்காலம் திடீரென்று இருட்டி, புழுதியைக் கிளப்பி, ஒரே ஒரு இடி... அவ்வளவுதான். ஸ்ரீரங்கமே கப்சிப்!

அப்படியொரு மே மாதச் சாயங்காலம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கசங்கி வீடு வந்து, சட்டையைக் கழற்றி, ஃபேன் ஸ்விட்சைத் தட்டினேன். சுற்றவில்லை.

உடனே நான் செய்தது, நீங்களும் செய்வதுதான். வாசலுக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் இருட்டு. அப்பாடா!

சிரிக்காதீர்கள். இதுதான் முதல் பரிசோதனை. நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால் கோளாறு நம் ஃபியூஸிலோ சர்வீஸ் வயரிலோ இருக்கலாம். தெருவே இருட்டென்றால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். ஊரே இருட்டென்றால் பீடரோ, சப் ஸ்டேஷனோ.

2021 ஜூன் 20 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே புகார் எண், 'மின்னகம்' - 94987 94987. இருப்பது சென்னையில், இருபத்து நாலு மணி நேரமும். நம்ம தெருவில் போன கரண்ட்டை சென்னைக்குச் சொல்ல, சென்னை நம்ம ஊர் ஆபீசுக்குச் சொல்லும். கிடைத்தது லைன். விட்டேன் ஒரு பிடி!

"ஒரு மணி நேரமாச்சும்மா! உடனே போடச் சொல்லுங்க!"

திண்ணையிலிருந்து அம்மா கத்தினாள்: "போடாதேன்னு சொல்லுடா! பின் சந்துல வேப்பங்கிளை முறிஞ்சு கம்பி அறுந்து தொங்கறதாம். பால்காரர் பார்த்துட்டு வந்து சொன்னார்!"

எனக்கு வேர்த்தது. புழுக்கத்தால் அல்ல. அந்தச் சந்து வழியாகத்தான் டியூஷன் பிள்ளைகள் சைக்கிளில் திரும்புவார்கள். நான் கேட்ட கரண்ட், கேட்ட மாத்திரத்தில் வந்திருந்தால்?

அவசரமாக மாற்றிச் சொன்னேன். எதிர்முனைப் பெண்ணின் குரலும் மாறியது. எந்த இடம், அடையாளம் என்ன, கம்பம் எண் தெரியுமா என்று மளமளவென்று கேட்டார். "யாரையும் கிட்டப் போக விடாதீங்க ஸார்" என்றார். சந்து முனையில் இரண்டு நாற்காலியைக் குறுக்கே போட்டுக் காவல் நின்றேன். எத்தனை பேர் திட்டினார்கள் என்று கணக்கு வைக்கவில்லை.

லைன்மேன் வந்ததும் முதலில் கேட்டது, "இங்கே எந்த வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது?"

"ஏன்ணே?"

"சரியா வயரிங் பண்ணலேன்னா அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துரும் ஸார். ஆஃப் பண்ணியாச்சுன்னு நம்பி மேலே ஏறுறவன் கதி?"

சுள்ளென்றது. நாம் ஃபேனில்லாமல் தவிக்கிறோம். அவர் உயிரோடு விளையாடுகிறார்.

கிளையை வெட்டியபடியே பாடம் நடத்தினார். காற்றில் கம்பிகள் ஆடி உரசினால் டிரிப். பீங்கான் இன்சுலேட்டரில் மாசக்கணக்காகப் படிந்த புழுதி, முதல் தூறலில் நனைந்தால் அதன் வழியே கரண்ட் கசியும். அதனால்தான் நாலு தூறலுக்கே போகிறது!

2021-ல் அன்றைய அமைச்சர் செந்தில் பாலாஜி, அணில்களும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று சொல்ல, ஊரே சிரித்தது. 1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் அணில் மின்சாரத்தைத் துண்டித்து நாஸ்டாக் பங்குச் சந்தையையே நிறுத்தியிருக்கிறது. ராமருக்கு உதவிய வம்சமாயிற்றே, சும்மாவா!

சில சமயம் மழை நம்மூரில் பெய்யக்கூட வேண்டாம். 2024-ல் குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழைக்கு, ஜூலை 30-ல் மேட்டூர் 120 அடி நிரம்பியது. லட்சம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர், முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் ஒன்று திருவானைக்காவல் அருகே சாய்ந்தே விட்டது!

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலோ, டெல்டாவையும் புதுக்கோட்டையையும் புரட்டிப் போட்டது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்ட ஊழியர்களெல்லாம் வந்து வயலிலும் சேற்றிலும் கம்பம் நட்டார்கள்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது மணி பதினொன்று. "ஹே...!" என்று வீதியே கத்தியது. லைன்மேன் அதற்குள் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு சொம்பு மோர் மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

இப்போதெல்லாம் கரண்ட் போனால், டார்ச்சை எடுத்துக்கொண்டு (கம்பத்துக்குக் கிட்டப் போகாமல்) தெருவை ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் போன். கம்பி கிடந்தால் "போடாதீங்க!" கிடக்காவிட்டால், "போடுங்க ஸார்... ப்ளீஸ்!"

கத்துவதில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே!