காத்தலும் நம் கலையே

ஹாக்கியில் முன்னேறித் தாக்குவதுதான் இந்தியரின் ஆட்டம், பின்வாங்கிக் காப்பது பிறர் வழி என்று நம்மில் பலர் வெகு காலமாகக் கருதி வந்திருக்கிறோம். இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரியென்பதை ஒரு விருத்தாந்தத்தைக் கொண்டு ஆராய்வோம்.

2023-ஆம் வருஷம் ஜனவரியில் புவனேசுவரத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், நியூஸிலாந்தை எதிர்த்து நம் கட்சி 3-1 என்று முந்தியிருந்தது. ஆயினும் முந்தியதைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லை. கணக்கு 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் தோல்வி நேர்ந்தது. பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விலகினார். அவர் ஸ்தானத்துக்குத் தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டன் வந்தார்.

அப்போது நம் கட்சியின் புரோ லீக் பந்தயங்களில் பாதி நடந்தாகிவிட்டன. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க அவகாசமில்லை. எனவே ஃபுல்டன் காப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை மாற்றவில்லை. அவருடைய பெனால்டி கார்னர் அடியையும் நம்பினார். மாற்றியது ஒன்றைத்தான்: பந்து எதிரியிடம் போனபின் நடந்துகொள்ளும் முறையை. அதைத் துரத்தித் திசைக்கொருவராக ஓடாமல், முன்வரிசையார் உள்பட எல்லோரும் நெருங்கி நின்று நடு மைதானத்தை அடைக்க வேண்டும். எதிரி ஓரமாக ஒதுங்குவான். அங்கே பந்தைப் பறித்து, அவன் காலியாக விட்டு வந்த இடத்தில் பாய வேண்டும். வெல்வதற்காகவே காப்பது என்பது இதன் தத்துவம்.

பலன் உடனே கிட்டிவிடவில்லை. மே மாதக் கடைசியில் லண்டனில் பெல்ஜியத்திடம் 1-2 என்று தோற்றோம். ஒரு வாரத்துக்குள் அதே பெல்ஜியத்தை 5-1 என்று வென்றோம். ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முந்தி நின்றது. பிற்பாதியில் நம்மவர் எதிரிக்கு ஒரு கோலும் விடாமல், தாம் மூன்று போட்டு ஜயித்தனர். புவனேசுவரத்தில் கற்ற பாடம் வீண்போகவில்லை.

பெரிய பரீட்சை 1924-க்குப் பிறகு மறுபடி ஒலிம்பிக்ஸ் நடந்த பாரிஸில், 2024-இல் வந்தது. பிரிட்டனுடன் ஆடிய கால் இறுதியில் 17-ஆவது நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸ் வெளியேற்றப்பட்டார். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரே ஆடி, ஒரு கோலுக்கு மேல் விடாமல் 1-1 என்று நிலைத்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றனர். பிறகு ஸ்பெயினை வென்று வெண்கல மெடலும் பெற்றனர்.

அந்நியர் ஒருவர் நம் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று அஞ்சியவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துவோம். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தியான் சந்தும் அவர் தோழர்களும் ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டார்கள் என்று பெருமையுடன் சொல்கிறோம். அவர்கள் எதிரிக்கு ஒரு கோல்கூட விட்டுக் கொடுக்கவில்லை என்பதை ஏனோ மறந்துவிட்டோம். ஃபுல்டன் நமக்குக் கற்பித்தது புதுப் பாடமன்று. நாம் மறந்த பழம்பாடமே.