முள்வேலி முகாமிலிருந்து மந்திரி சபைக்கு

1942ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே என்னும் ஊர். ரயிலடியில் ஜப்பானிய முகம் கொண்ட குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு காத்து நிற்கின்றன. சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய ராணுவப் போலீசார். அந்தக் கூட்டத்தில் பத்தரை வயதுப் பையன் ஒருவன், சாரணச் சிறுவர் சீருடை அணிந்து நிற்கிறான். கையில் பேஸ்பால் மட்டை. ராணுவத்தான் ஒருவன் அந்த மட்டையைப் பிடுங்கி வைத்துக் கொள்கிறான். ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடுமாம்!

அந்தப் பையனின் பெயர் நார்மன் மினேட்டா. பின்னாளில் அதே ஊருக்கு மேயரானார். இருபது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு ஜனாதிபதிகளிடம் மந்திரியாகப் பணியாற்றினார். 2022ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, தமது 90ஆவது வயதில் காலமானார். பெரிய பதவி வகித்தவர்கள் உலகத்தில் ஏராளம். பத்து வயதில் தனக்கு நேர்ந்ததை மறக்காமல் வைத்திருந்து, அதிகாரம் கைக்கு வந்த பிறகு அது மற்றவர் பிள்ளைகளுக்கு நேராமல் பார்த்துக் கொண்டவர்கள் குறைவு. அதனால்தான் இவர் கதையை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தோன்றியது.

அந்நியர் அல்லாதார்!

நார்மனின் தந்தை குனிசாக்கு மினேட்டா 1902இல், 14 வயதில், ஜப்பானிலிருந்து தன்னந்தனியாகக் கப்பலேறி அமெரிக்கா வந்தவர். பண்ணைகளிலும் மற்ற இடங்களிலும் பாடுபட்டு, சான் ஹோசேயில் இன்ஷூரன்ஸ் தொழில் நடத்தும் அளவுக்கு முன்னேறினார். ஆனால் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவரால் அமெரிக்கக் குடிமகனாக முடியாது. அன்றைய சட்டம் அப்படி. ஜப்பானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது 1952இல்தான். கலிபோர்னியாவில் அவர்கள் தங்கள் பெயரில் நிலம் வாங்கவும் தடை இருந்தது. ஆனால் அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் பிறப்பிலேயே குடிமக்கள். 1931இல் பிறந்த நார்மனும் அப்படித்தான்.

1941 டிசம்பர் 7ஆம் தேதி பெர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் குண்டு வீசியது. மறு ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த ராணுவத்துக்கு அதிகாரம் கொடுத்த ஆணை அது. ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு வாசல், கடை, விளைந்து நின்ற பயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். யார் மீதும் வழக்கில்லை, விசாரணையில்லை. அமெரிக்கா அப்போது ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூடப் போரில் இருந்தது. அந்த வம்சத்தாரை யாரும் இப்படி ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போகவில்லை.

ஜப்பான்காரன் என்றாலே சயாம் ரயில் பாதையை நினைத்துக் கண் கலங்கிய பெரியவர்கள் நம் தோட்டத்துக் குடும்பங்களில் இருந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் நம்மவரை அங்கே இழுத்துச் சென்றது ஜப்பானிய ராணுவம். சான் ஹோசேயில் இன்ஷூரன்ஸ் விற்றுக் கொண்டிருந்தவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெளியேற்ற உத்தரவைத் தெருத் தெருவாக ஒட்டினார்கள். ஜப்பானிய வம்சாவளியினரான 'அந்நியரும் அந்நியர் அல்லாதாரும்' புறப்பட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அந்நியர் அல்லாதார் என்றால் யார் என்று சிறுவன் நார்மன் தன் அண்ணனிடம் கேட்டான். நீதான் என்றார் அண்ணன். குடிமகன் என்று எழுத அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. அதனால் இப்படி ஒரு புதுச் சொல்! 'குடிமகன்' என்ற சொல்லைத் தாம் போற்றுவதற்கு அந்தச் சுவரொட்டிதான் காரணம் என்று மினேட்டா வாழ்நாள் முழுவதும் மேடைகளில் சொல்லி வந்தார். குடியுரிமை என்ற சொல்லின் எடை, சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளிய நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல.

தந்தை அழுததைத் தாம் மூன்றே முறைதான் பார்த்ததாக மினேட்டா சொல்வார். பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அன்று ஒரு முறை. ரயிலேறிய அன்று ஒரு முறை. தாயார் இறந்தபோது ஒரு முறை.

குளிர் காற்றும் கூடாரமும்

முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாந்தா அனிதா குதிரைப் பந்தயத் திடலில் கொண்டு போய் வைத்தார்கள். குதிரை கட்டும் கொட்டில்களைக் கழுவிவிட்டுப் பல குடும்பங்களைக் குடியேற்றினார்கள். சில மாதங்களில் மறுபடியும் ரயில். இம்முறை வெகு தொலைவில் உள்ள வயோமிங் மாநிலம். 'ஹார்ட் மவுண்டன்' என்ற மலையின் அடிவாரத்தில் முகாம். கலிபோர்னியாவின் இளவெயிலில் வளர்ந்தவர்கள் எலும்பைத் துளைக்கும் குளிர் காற்றில் போய் இறங்கினார்கள்.

நம் பழைய தோட்ட லயங்களை நினைத்துக் கொண்டால் அந்த இடம் ஓரளவு கண்முன் வரும். தார்த்தாள் ஒட்டிய நீண்ட பலகைக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. குடும்பத்துக்கு ஓர் அறை, குளிர் காய ஓர் அடுப்பு. கழிப்பறையும் சாப்பாட்டுக் கூடமும் பொது. சுற்றி முள்வேலி, காவல் கோபுரம், இரவெல்லாம் சுழலும் விளக்கு. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்த முகாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்படியானால் கோபுரத்துத் துப்பாக்கிகள் ஏன் உள்ளே பார்த்து இருந்தன என்று மினேட்டா பிற்காலத்தில் கேட்பார். 10,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்த அந்த முகாம், ஆட்களின் எண்ணிக்கையில் வயோமிங் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராக இருந்தது!

முகாமுக்குள்ளும் சாரணர் படை நடந்தது. வெளியூர்ச் சாரணர்களை வரும்படி அழைத்தார்கள். பக்கத்து ஊரான கோடியிலிருந்து ஒரு படை வந்தது. அதில் ஆலன் சிம்சன் என்ற வெள்ளைக்காரப் பையன். அவனையும் நார்மனையும் ஒரே கூடாரத்தில் போட்டார்கள். மழை வந்தால் நீர் உள்ளே புகாமல் இருக்கக் கூடாரத்தைச் சுற்றிச் சிறிய வாய்க்கால் வெட்ட வேண்டும். இருவரும் வெட்டினார்கள். எப்படி வெட்டினார்கள் தெரியுமா? தண்ணீர் முழுவதும் கீழே இருந்த ஒரு முரட்டுப் பையனின் கூடாரத்துக்குப் பாயும்படி! மழையும் வந்தது, கூடாரமும் சரிந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயது போன பிறகும் இந்தக் கதையை இருவரும் சலிக்காமல் சொல்லிக் கொண்டிருந்தார்கள். ஆலன் சிம்சன் பின்னாளில் வயோமிங் மாநிலத்தின் செனட்டர் ஆனார்.

காங்கிரசில்

போர் முடிந்து குடும்பம் சான் ஹோசே திரும்பியது. நார்மன் 1953இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். தம்மைச் சிறை வைத்த அதே ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து ஜப்பானிலும் கொரியாவிலும் பணி புரிந்தார். பிறகு தந்தையின் அலுவலகம். 1967இல் நகர மன்ற உறுப்பினர், 1971இல் மேயர். அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றுக்கு ஆசிய வம்சாவளியினர் மேயரானது அதுவே முதல் முறை.

1974 தேர்தலில் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காங்கிரஸ் என்றதும் நம் ம.இ.கா.வையோ நேருவின் கட்சியையோ எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் நாடாளுமன்றத்தின் பெயரே அதுதான். அதில் மக்கள் சபைக்கு 435 உறுப்பினர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தொகுதியில் போய் ஓட்டுக் கேட்டாக வேண்டும். மினேட்டா ஜனநாயகக் கட்சிக்காரர். சாலை, ரயில், விமானம் ஆகியவைதான் அவருடைய துறை. மேயராக இருந்தபோது ஒரு ரோட்டுக்கும் பஸ்சுக்கும் மேலிடத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்த அனுபவம் அவருக்கு உண்டு. போக்குவரத்துப் பணத்தைச் செலவிடுவதில் உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்த 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் பங்கு பெரிது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. மட்டை பறிபோன கதையைக் கேள்விப்பட்ட அன்பர் ஒருவர், புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹேங்க் ஆரோன் வைத்திருந்த மட்டையை அவருக்கு அனுப்பி வைத்தார். விலை 1,500 டாலர். உறுப்பினர்கள் அவ்வளவு விலையுள்ள பரிசை வாங்க விதி இடம் தரவில்லை. திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அரசாங்கம் மறுபடியும் என் மட்டையை எடுத்துக் கொண்டது என்று மினேட்டா சொல்லிச் சிரித்தார்.

இருபதாயிரம் டாலர்

முகாமிலிருந்து வந்தவர்கள் பலர் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. குற்றம் செய்யாமலே சிறை போனவருக்கும் வெட்கம் வந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே வாய் திறந்தது. 1980இல் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 750 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். ராணுவத் தேவை என்று எதுவும் இல்லை. இன வெறுப்பும் போர்க்கால வெறியும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணம் என்ற பொருளில் அந்தக் குழு 1983இல் முடிவு கூறியது.

மன்னிப்பும் நஷ்ட ஈடும் கேட்கும் மசோதாவை மினேட்டாவும், ஆறு மாதக் கைக்குழந்தையாக முகாமுக்குப் போன ராபர்ட் மட்சுயியும் முன்னின்று நடத்தினார்கள். மசோதாவின் எண் 442. பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காக ரத்தம் சிந்திய ஜப்பானிய வம்சாவளி வீரர்களின் படைப்பிரிவு எண் அது.

1987 செப்டம்பர் 17. அரசியல் சட்டம் கையெழுத்தாகி 200 ஆண்டு நிறைவடைந்த நாளில் மசோதா மக்கள் சபைக்கு வந்தது. சுதந்திரம் விலை மதிப்பற்றது, அதற்குப் போய்ப் பணம் கேட்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கேட்க அழகான வாதம். மினேட்டா எழுந்து பதில் சொன்னார். சுதந்திரத்தோடு இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்றார். 20,000 டாலருக்கு என் உரிமையை விற்பேனா என்றால் மாட்டேன். ஆனால் என்னிடமிருந்து அதைப் பிடுங்கிய பிறகு ஈடு கேட்க எனக்கு உரிமை உண்டா என்றால், நிச்சயம் உண்டு என்றார். 243 பேர் ஆதரித்தனர், 141 பேர் எதிர்த்தனர். செனட் சபையில் பழைய கூடாரத் தோழர் சிம்சன், எதிர்க்கட்சிக்காரராக இருந்தும், ஆதரவு தந்தார்.

1988 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். அன்றைக்கு உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் அரசாங்கத்தின் மன்னிப்பும். 1990 அக்டோபரில் முதல் காசோலைகள் கொடுக்கப்பட்டன. கடைசியில் 82,000 பேருக்கு மேல் பெற்றார்கள். காலம் தாழ்ந்த நீதிதான், சந்தேகமில்லை. நிலத்தையும் கடையையும் இழந்த முதல் தலைமுறையில் பலர் அதற்குள் கண் மூடிவிட்டார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் பலம் பொருந்திய ஓர் அரசாங்கம் தன் மக்களிடம் தவறு செய்தோம் என்று எழுதிக் கொடுப்பது தினம் தினம் நடப்பதல்ல.

1995இல், பதவிக் காலம் பாதிகூட முடியாத நிலையில், அவர் காங்கிரசை விட்டு லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு வேலைக்குப் போனார். ஓட்டுப் போட்டவர்களை இப்படி நடுவழியில் விட்டது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தொகுதியும் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சிக்குப் போயிற்று.

விமானங்கள் இறங்கிய நாள்

அமெரிக்காவில் மந்திரியைச் 'செயலாளர்' என்பார்கள். நம் நாட்டைப் போல அவர் நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டியதில்லை. ஜனாதிபதி நியமிப்பார், செனட் சம்மதிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் கிளிண்டன் அவரை வாணிப மந்திரியாக்கினார். அந்நாட்டு மந்திரி சபையில் ஆசிய வம்சாவளியினர் இடம்பெற்றது அப்போதுதான். அடுத்த ஜனவரியில் எதிர்க்கட்சியின் புஷ் வந்தார். அவரும் மினேட்டாவையே அழைத்துப் போக்குவரத்து மந்திரியாக்கினார்.

2001 செப்டம்பர் 11ஆம் தேதி கடத்தப்பட்ட விமானங்கள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் மோதின. மினேட்டா வெள்ளை மாளிகையின் நிலவறையில் இருந்தபடி, வானத்தில் உள்ள எல்லா விமானங்களையும் இறக்க ஆணையிட்டார். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அதற்கு முன்பே தாங்களாகத் துணிந்து அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 4,500 விமானங்கள் சில மணி நேரத்தில் பத்திரமாகத் தரையிறங்கின.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம் அடுத்த நாட்களில்தான் நடந்தது. நாடெங்கும் அரபு முகத்தைக் கண்டால் சந்தேகம், தலைப்பாகையைக் கண்டால் சந்தேகம். அவர்களை விமானத்தில் ஏற்றாதே, பிடித்து உள்ளே வை என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி மந்திரி சபைக் கூட்டத்தில் இந்தக் கவலை எழுந்தபோது, 1942இல் நார்மனுக்கு நடந்தது இன்று யாருக்கும் நடந்துவிடக் கூடாது என்று புஷ் சொன்னதை மினேட்டா பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார். செப்டம்பர் 21ஆம் தேதி விமான நிறுவனங்களுக்கு அவருடைய இலாகாவிலிருந்து கடிதம் போயிற்று. இனத்தையோ மதத்தையோ பார்த்துப் பயணிகளிடம் பாகுபாடு காட்டுவது சட்ட விரோதம் என்று நினைவூட்டியது அக்கடிதம்.

அந்த ஆண்டு இறுதியில் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் மடக்கிக் கேட்டார். ஃபுளோரிடாவிலிருந்து வரும் 70 வயது வெள்ளைக்காரப் பாட்டிக்கும் நியூஜெர்சியிலிருந்து வரும் முஸ்லிம் இளைஞனுக்கும் ஒரே மாதிரிச் சோதனைதானா? அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன் என்றார் மினேட்டா. பத்திரிகைகளில் கேலி செய்தவர்கள் பலர். பாட்டியைத் தடவிப் பார்த்து யாரைப் பிடிக்கப் போகிறார் என்று சிரித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடித்த ராணுவத்தான் ஒருவன் தன் மட்டையைப் பிடுங்கியதைக் கண்ணால் கண்டவர் அவர். கடைசி வரை அசைந்து கொடுக்கவில்லை.

2006 ஜூலையில் பதவி விலகினார். போக்குவரத்து மந்திரி பதவியில் அவ்வளவு காலம் வேறு எவரும் இருந்ததில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை புஷ் அவருக்கு அணிவித்தார். சான் ஹோசே விமான நிலையம் 2001 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹார்ட் மவுண்டன் முகாம் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுக் காட்சிசாலை உள்ளது. கட்சி வேறுபாட்டைத் தாண்டி மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் பழகுவதற்கென்று 2024 ஜூலையில் அங்கே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. மினேட்டா-சிம்சன் நிலையம் என்று பெயரிட்டார்கள். மினேட்டா அதைக் காண இல்லை. 92 வயது சிம்சன் வந்திருந்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அவரும் மறைந்தார்.