கடைசிப் பெட்டிக்காரர்கள்

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசி ஸ்டேஷனுக்கு ஒரு தனி வாசனை வந்துவிடும். நல்லெண்ணெய், ஈரத் துண்டு, மங்குஸ்தான் பழம், சாரலில் நனைந்த ஜல்லி எல்லாம் கலந்த வாசனை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரைப் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டியைப் பாருங்கள். ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் துண்டு காயும். அருவியில் நனைந்த தலை உலருமுன்னே ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் திரும்புகிறவர்கள். குற்றாலத்துக்கென்று தனி ஸ்டேஷன் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசிதான் அருவிக்கு வாசல்.

அந்த வாசல் இப்போது புதுப்பொலிவு பெறுகிறது. நாடு முழுக்க ஸ்டேஷன்களை மேம்படுத்தும் அம்ருத் பாரத் திட்டத்தில் தென்காசிக்கும் இடம் கிடைத்தது. மின்சார ரயில் பாதை கொல்லம் வரை வந்துவிட்டது. 2023இல் தாம்பரத்திலிருந்து திருவாரூர், காரைக்குடி, அருப்புக்கோட்டை, திருநெல்வேலி சுற்றிச் செங்கோட்டைக்கு ஒரு ரயில் விட்டார்கள். அம்பாசமுத்திரத்துக்காரரும் பாவூர்சத்திரத்துக்காரரும் தங்கள் ஊரிலேயே சென்னை வண்டி ஏறினார்கள். எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் வண்டியும் இந்த வழிதான். ‘புதிய ரயில்கள், புதிய தென்காசி’ என்ற தலைப்பில் எழுதச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அந்த மகிழ்ச்சியோடுதான் நானும் போனேன்.

ஆனால் பேனாவை எடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஆச்சியின் கால்தான்.

சில வருடங்களுக்கு முன்னால், திருநெல்வேலி – தென்காசிப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். கூட்டம் நெரிந்ததால் கடைசிப் பெட்டியில் ஏறியிருந்தேன். வண்டி நின்றது. எட்டிப் பார்த்தால் கீழே நடைமேடை இல்லை. சரிந்து இறங்கும் ஜல்லியும் எருக்கஞ்செடியும்தான். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தி, ஒரு கையில் வெற்றிலைப் பை, மறு கையில் பேத்திக்கு வாங்கிய பிளாஸ்டிக் குடம். படியில் உட்கார்ந்து, ஒரு காலை மெல்லக் கீழே தொங்கவிட்டாள். கால் தரையைத் தொடவில்லை. விரல்கள் காற்றில் தேடின.

“தம்பி, கையப் புடிய்யா. இன்னும் எம்புட்டு இருக்கு?”

“ஒரு முழந்தான் ஆச்சி. நான் புடிச்சுக்கிடுதேன், எறங்குங்க.”

“வண்டி நிக்கும்னாவ. எங்கன நிக்கும்னு ஒருத்தரும் சொல்லல.”

குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவள் குதித்தாள். ஜல்லி சரிந்து முழங்கால் மடங்கியது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. விசில் ஊதிவிட்டது. ஒரு நிமிட நிறுத்தத்தில் அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் குதித்தார்கள்.

அன்றிலிருந்து எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் நான் முகப்பைப் பார்ப்பதில்லை. நடைமேடையின் இரண்டு முனைகளையும்தான் பார்க்கிறேன். தென்காசி மேம்பாட்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருப்பது அந்த முனைகளைப் பற்றித்தான்.

கணக்கு எளிது. இப்போது ஓடும் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். 18 பெட்டி என்றால் 430 மீட்டர். 24 பெட்டி என்றால் 570 மீட்டரைத் தாண்டிவிடும். இதற்கு மேல் எஞ்சின் வேறு. மீட்டர் கேஜ் காலத்துச் சின்னப் பெட்டிகளுக்கும் குட்டையான வண்டிகளுக்கும் போட்ட ஸ்டேஷன்கள் நம்முடையவை. பாதை அகலமானது, விருதுநகர்ப் பக்கம் 2004இல், திருநெல்வேலிப் பக்கம் 2012இல். வண்டியும் நீண்டது. நடைமேடை மட்டும் ஊருக்கு ஊர் வேறு வேறு வேகத்தில் வளர்ந்தது.

இதில் எல்லோரும் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. முன்பதிவில்லாப் பெட்டிகளை வண்டியின் எந்த இடத்தில் கோக்கிறார்கள்? பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இரு முனைகளிலும். முன்பதிவுப் பெட்டிகள் நடுவில், ஸ்டேஷன் கட்டடத்துக்கு நேரே வந்து நிற்கும். நடைமேடை குட்டையாக இருந்தால் அதற்கு வெளியே நிற்பது யாருடைய பெட்டி? பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர், கடையநல்லூரில் வேலைக்குப் போகிற பெண், அம்பையிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை, டிக்கெட்டை அன்றன்றைக்கு வாங்கும் ஆச்சி. இவர்களுடைய பெட்டிதான். கூரையும் அப்படித்தான், நடுவில் மட்டும் இருக்கும். சாரல் மூன்று மாதம் நின்று பெய்யும் நாட்டில் முனைகளில் நிற்கிறவர்கள் நனைந்தபடிதான் ஏறுகிறார்கள். உயர்மட்ட நடைமேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரம் கிடைத்தால் ஆச்சி நடந்து இறங்குவாள். கிடைக்காத இடத்தில் குதிக்க வேண்டியிருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் மலைப்பாதையின் கதையும் நீளத்தில் வந்துதான் முட்டுகிறது. செங்கோட்டை – புனலூர் ரயில் 1904 நவம்பரில் ஓடத் தொடங்கியபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பகவதிபுரம் தாண்டியதும் நீண்ட குகை, அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். சின்ன வயதில் குகை வந்ததும் பெட்டியிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். பெரியவர்கள் அதட்டவே மாட்டார்கள், அவர்களும் கத்துவார்கள். 2010இல் அந்த மீட்டர் கேஜ் வண்டி நின்றது. எட்டு வருடம் மலையில் ரயில் சத்தம் இல்லை. 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பழைய பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி அதன் மேலேயே வண்டி விட்டார்கள். அதைச் செய்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

மலை ஏற்றம் கடுமையானது. சில இடங்களில் 37 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். அதனால் வண்டிக்கு முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும். செங்கோட்டையில் அந்தப் பின் எஞ்சினைக் கோக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பச்சைக்கொடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ‘வா, வா’ என்று கையாட்டுகிறார். எஞ்சின் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. ‘டணக்’ என்று கொக்கி விழுந்ததும் அந்த அதிர்வு பெட்டி பெட்டியாக முன்னால் ஓடுகிறது. கடைசிப் பெட்டியில் படுத்திருந்த குழந்தை விழித்து அழுதது. மலையில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். புனலூர் வரையுள்ள 50 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது.

இத்தகைய ஏற்றத்தில் பாதுகாப்புக் கருதித் தொடக்கத்தில் 14 பெட்டிகளுக்கு மேல் விடவில்லை. சோதனை ஓட்டம் நடத்தி, பிறகு 18 ஆக்கினார்கள். இந்த மலைப்பாதையில் ஓடும் பாலருவி எக்ஸ்பிரஸில் பெட்டி கூடியது, தூத்துக்குடி வரை நீட்டிப்பும் வந்தது. ஆரியங்காவு அருகே விழும் அருவியின் பெயரைத் தாங்கிய அந்த வண்டி, போகும்போதும் வரும்போதும் மலையை இருட்டில்தான் கடக்கிறது. இப்படி ஓர் அழகான பாதையைப் போட்டுவிட்டு, அங்கே விழும் அருவியின் பெயர் கொண்ட வண்டியில் போகிறவர்கள் ஒரு மரத்தைக்கூடப் பார்க்க முடியாதது எனக்கு ஆறவே இல்லை. பகலில் மலையைத் தாண்டும் வண்டிகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. ஜன்னலோர இடத்துக்கு அதில் எப்போதும் அடிதடிதான்.

நான்கு பெட்டி கூடினால், அந்தப் பெட்டிகள் நிற்பதற்கு வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடைமேடை நூறு மீட்டர் நீள வேண்டும். மலையில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அங்கே நூறு மீட்டர் என்பது லேசுப்பட்ட வேலையல்ல. சமவெளியில் அந்தச் சிரமம் இல்லை. மண்ணைக் கொட்டி, சுவர் கட்டி, மேலே தளம் போடலாம்.

தென்காசிக்கு வேறு கோரிக்கைகளும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வரும் தண்டவாளமும் ராஜபாளையத்திலிருந்து வரும் தண்டவாளமும் ஒரே பக்கமாகத் தென்காசிக்குள் நுழைகின்றன. அதனால் நெல்லையிலிருந்து ராஜபாளையம் வழியாக மேட்டுப்பாளையம் போகும் வண்டி தென்காசியில் நின்று, எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் மாட்டித் திரும்புகிறது. இதைத் தவிர்க்க இணைப்புத் தண்டவாளம் கேட்கிறார்கள். அது வந்தால் வண்டிகள் தென்காசிக்குள் வராமலே போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகப் பாசஞ்சர் காத்துக் கிடப்பதும் தீர வேண்டிய குறைதான். ‘எக்ஸ்பிரஸ் வண்டி எல்லாச் சின்ன ஊரிலும் நின்றால் வேகம் என்னாவது?’ என்று கேட்பவர்களும் உண்டு. நிற்காமல் போகட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. நிற்கிற ஊரில் முழுதாக நிற்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஸ்டேஷன் வேலைக்கு வரைபடம் தயாராகும்போது முகப்பின் வளைவுக்கும் தரையின் பளபளப்புக்கும் முன்னால், வண்டியின் கடைசிப் பெட்டி எங்கே நிற்கும் என்று தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடட்டும். கூரை அந்தக் கோடு வரை போகட்டும். குடிதண்ணீர்க் குழாயும் விளக்கும் அங்கே இருக்கட்டும். கீழப்புலியூர், கீழக்கடையம், பாம்புக்கோவில்சந்தை போன்ற பெயர்ப்பலகைகளுக்குக் கீழேயும் அந்தக் கோட்டைப் போடட்டும். குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் எல்லாம் காரில் வருவதில்லை. அதில் ஒரு பகுதி மதுரைப் பாசஞ்சரில், கையில் எண்ணெய்ப் புட்டியோடு, நெரிசலில் நின்றுகொண்டு வருகிறது. சீசன் சனி ஞாயிறுகளில் முனைப் பெட்டிகளில் கைப்பிடியில் தொங்குகிறவர்களை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

திரும்பும் நாளில் தென்காசியில் வண்டிக்காகக் காத்திருந்தேன். சாரல் விடவில்லை. கூரைக்கு அடியில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வண்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஆனால் முன்பதிவு இல்லாதவர்கள் அப்போதே மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கூரை முடியும் இடத்தைத் தாண்டி மழைக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.