ஒளியை விழுங்கி ஒலி எழுப்பும் சாயங்கள்

சித்திரை வெயிலில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வெறுங்காலோடு நடந்தவருக்கு, கறுப்பு எப்படிச் சூட்டை ஏற்றிக்கொள்ளும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். வாங்கிய ஒளியை வெப்பமாக மாற்றும் இந்தக் குணத்தைக் கரிம மூலக்கூறுகளில் அமைத்து, உடலுக்குள் மறைந்திருக்கும் கட்டிகளைக் காண முயல்கிறார்கள் வேதியியலாளர்கள்.

தொடக்கம் 1880. அலெக்சாண்டர் கிரஹாம் பெல், துளையிட்ட தட்டைச் சுழற்றிச் சூரிய ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினார். ஒளி பட்ட பொருள் ஒலித்தது. விளக்குக்கரி போன்ற கறுத்த பொருள்கள் உரக்க ஒலித்தன.

இன்று சூரியனுக்குப் பதில் லேசர். சில நானோ நொடியே நீடிக்கும் துடிப்பு பட்டதும், ஒளியை உறிஞ்சிய திசு சற்றே சூடாகி விரிந்து மீயொலி அலையை எழுப்புகிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்பம் ஏறினாலே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். கருவிக்கு அது போதும். திசுவுக்குள் ஒளி சிதறும் அளவுக்கு ஒலி சிதறுவதில்லை. அதனால் சில சென்டிமீட்டர் ஆழம் வரை தெளிவான படம் கிடைக்கிறது. இதுவே ஒளியொலிப் படமாக்கம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சுவதை வைத்தே இயங்கும் மார்பகப் பரிசோதனைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்கா 2021 ஜனவரியில் அனுமதி அளித்தது.

ரத்தம் காட்டித்தராத இடங்களுக்குச் சாயம் வேண்டும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் நிணநீர்க் கணுவை அடையாளம் காண நம் மருத்துவமனைகளில் செலுத்தும் மெத்திலீன் நீலம், 1876இல் துணிச்சாயமாகப் பிறந்தது. இண்டோசயனின் பச்சை, ஹீமோகுளோபினும் நீரும் குறைவாக உறிஞ்சும் 800 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்குகிறது. ஆனால் வெளிச்சம் பட்டால் சிதைகிறது. சில நிமிடங்களில் கல்லீரல் அதை வடித்துவிடுகிறது.

ஆகவே புதிய வடிவமைப்பு. எலக்ட்ரானைத் தரும் பகுதியையும் வாங்கும் பகுதியையும் ஒரே மூலக்கூறில் கோத்தால், அது உறிஞ்சும் ஒளி அகச்சிவப்பு நோக்கி நகரும். ஒற்றைப் பிணைப்பில் சுழலும் கைகளைச் சேர்த்தால், வாங்கிய ஆற்றல் ஒளிர்வாக வெளியேறாமல் அந்த அசைவிலேயே வெப்பமாகிவிடும். உடலுக்குள் செலுத்துவதற்காக இவற்றை அடைக்கும் நானோ துகளுக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்தால் கைகள் அசையாது. எனவே கிளைத்த ஹைட்ரோகார்பன் சங்கிலிகளைப் பொருத்தி இடைவெளி உண்டாக்குகிறார்கள். நன்றாக ஒளிரவில்லை என்று ஒதுக்கிய சாயம் இங்கே முதல் மதிப்பெண் வாங்குகிறது.

நச்சில்லை, வேலை முடிந்ததும் உடலைவிட்டு நீங்குகிறது என்று நிரூபித்த பிறகே எந்தச் சாயமும் நோயாளியை அடைய முடியும். அந்த வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. கோவில்பட்டிக் கல்லூரிகளில் கரிம வேதியியல் படிக்கும் மாணவர்களே, ஒற்றைப் பிணைப்பு சுழலும் என்ற பாடத்தைத் தேர்வோடு விட்டுவிடாதீர்கள். புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் சாயம் அதிலிருந்துதான் வர வேண்டும்.